ஒன்பது கிலோமீட்டர் சாமி

பகலவனின் ஆட்கள் முதலில் உடைத்தது கருவியை. முதஸ்ஸிரின் கையை அதற்குப் பிறகுதான் உடைத்தார்கள்.

கருவிக்கு ஒரு மிதி போதுமாக இருந்தது. கைக்கு நிதானமாக நேரம் எடுத்துக்கொண்டார்கள். ஒருவன் அவன் முதுகில் ஏறி உட்கார்ந்தான். இன்னொருவன் வலது கையை இழுத்து, சாலையோரம் நட்டிருந்த சிமெண்டுக் கல்லின் தலையில் விரித்து வைத்து, மணிக்கட்டை மிதித்துக்கொண்டான். மூன்றாமவன் ஜீப்பிலிருந்து ஜாக்கி கம்பியை எடுத்து வந்தான். நான்காமவனின் முழங்கை என் கழுத்தில் இருந்தது. மூன்று அடி. நான் எண்ணினேன். முதல் அடிக்கு முதஸ்ஸிர் கத்தினான். இரண்டாவதற்கு அப்சானா என்று தன் மனைவியைக் கூப்பிட்டான். மூன்றாவதற்குச் சத்தம் வரவில்லை.

பகலவன் ஜீப்பில் சாய்ந்துகொண்டு கொய்யாப்பழம் தின்றுகொண்டிருந்தான். இந்த மலையில் கேபிள் புதைக்கும் வேலையை எடுத்த ஒப்பந்தக்காரன் அவன்.

"விடுறா மேடத்த. கழுத்த ஏண்டா புடிக்கிற, நாகரிகம் இல்லாம" என்று தன் ஆளை அதட்டினான். பிறகு என்னிடம், "மேடம், பச்சை வச்சது நீங்க. பச்சை பச்சையாவே இருக்கட்டும்ங்க. வெள்ளிக்கெழம அஞ்சு மணி வரைக்கும் ஃபேன போட்டுக்கினு வூட்ல படுங்க. சனிக்கெழம வந்து எவன் மேல வேணா கம்ப்ளைண்ட் குடுங்க" என்றான்.

அது செவ்வாய்க்கிழமை மத்தியானம். அந்தப் பச்சை என்ன, அந்த ஐந்து மணி என்ன என்று சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் மூன்று விரல் எதற்காக உடைந்தது என்று புரியாது.

நாட்டின் ஒவ்வொரு ஊராட்சி அலுவலகத்துக்கும் கண்ணாடி இழை போய்ச் சேர வேண்டும் என்பது திட்டம். தலைமுடி அளவு மெல்லிய கண்ணாடி. அதற்குள் ஒளி ஓடும், ஒளியில் செய்தி ஓடும். எந்த ஊருக்கு இழை சேர்ந்தது, எதற்குச் சேரவில்லை என்று பார்க்கத் தலைநகரத்தில் ஒரு வரைபடம் வைத்திருக்கிறார்கள். ஊராட்சிக்கு ஒரு புள்ளி. சேர்ந்தால் பச்சை, சேராவிட்டால் சிவப்பு. அடுத்த ஐந்து வருடத்தில் செல்போன் கோபுரங்களை எங்கெங்கே நடுவது என்பதை அந்தச் சிவப்புப் புள்ளிகளை வைத்துத்தான் முடிவு செய்வார்கள். பச்சை ஊருக்கு ஏற்கெனவே வழி இருக்கிறது, அதனால் கோபுரம் கிடையாது. தினமும் மாறிக்கொண்டிருக்கும் படத்தை வைத்துத் திட்டம் போட முடியாதல்லவா? அதனால் ஒரு நாள் படத்தை நிறுத்திவிடுவார்கள். அந்த நாள் இந்த வெள்ளிக்கிழமை, மாலை ஐந்து மணி.

இன்னொரு விதியும் உண்டு. ஒருமுறை பச்சையான புள்ளி, அந்த ஊரில் இழை முடியும் பெட்டியில் விளக்கு எரியவில்லை என்பதற்காகச் சிவப்பாகாது. இதிலும் நியாயம் இருக்கிறது. நம் ஊர்களில் கரண்ட் போகிறது, எலி ஒயரைக் கடிக்கிறது. ஒவ்வொன்றுக்கும் நிறம் மாறினால் வரைபடம் தீபாவளி சீரியல் செட் மாதிரி மினுக்கிக்கொண்டிருக்கும். ஆகவே பச்சையைச் சிவப்பாக்க வேண்டுமானால், இழையே அந்த ஊருக்குப் போகவில்லை என்று நிரூபிக்க வேண்டும்.

என் பெயர் செந்தமிழ்ச்செல்வி. சொந்த ஊர் திருநாவலூர். கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இந்தப் புள்ளிகளைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவது என் வேலை. கல்வராயன் மலையில் வேங்கைப்பட்டு என்ற ஊருக்குப் போன புரட்டாசியில் பச்சை வைத்தது நான்தான். அந்த ஊருக்குப் போகாமலே வைத்தேன்.

ஏன் போகவில்லை என்றால், போக வேண்டிய அவசியமில்லாத கருவி ஒன்று எங்களிடம் இருந்தது. ஓடிடிஆர் என்று பெயர். டிபன் டப்பா அளவுதான். இழையின் ஒரு முனையில் அதைச் செருகினால் உள்ளே ஒரு துளி ஒளியை அனுப்பும். போகிற வழியெல்லாம் அந்த ஒளியில் கொஞ்சம் சிதறித் திரும்பி வரும். போய்த் திரும்ப எவ்வளவு நேரமாயிற்று என்று பார்த்து, இழை எவ்வளவு தூரம் இருக்கிறது என்று திரையில் ஒரு கோடாகப் போட்டுவிடும். கரியாலூரில் எங்கள் அறை. அங்கிருந்து வேங்கைப்பட்டு சாலை வழியே பதினான்கு கிலோமீட்டர். இணைப்புகளில் விடும் வளையங்களைச் சேர்த்தால் பதினான்கரை வர வேண்டும். வந்தது. ஒளிக்கு அவ்வளவு தூரம் போய்த் திரும்ப, நொடியை ஏழாயிரம் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு நேரம் ஆகிறது. அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டு நான் கையெழுத்துப் போட்டேன். மலையேறுவதற்கு மூன்று மணி நேரம் ஆகும்.

வேங்கைப்பட்டில் போன் எடுக்காது. ரேஷன் வாங்க விரல் ரேகை வைக்கும் மிஷினுக்குச் சிக்னல் வேண்டும். ஊருக்கு மேலே ஒரு பாறையில் மட்டும் அது கிடைக்கும். விற்பனையாளர் மிஷினைப் பாறைக்குத் தூக்கிப் போவார், ஊரே பின்னால் ஏறும். மிஷினின் பேட்டரி அறுபது ரேகைக்குத் தாங்கும். ஊரில் இருப்பது நூற்று நாற்பது குடும்பம். முதல் அறுபதில் நிற்கப் பாறை மேல் அடிதடி நடக்கும். முடியைப் பிடித்து இழுப்பார்கள், முழங்கையால் இடிப்பார்கள். கோபுரம் கேட்டு அவர்கள் போட்ட மனு, 'ஏற்கெனவே இணைக்கப்பட்ட ஊர்' என்ற பதிலோடு திரும்பியது. அந்தப் பதில் வந்த மாசி மாதத்தில் பாறையில் நடந்த தள்ளுமுள்ளில் நிர்மலா என்ற பெண் விழுந்து செத்துப்போனாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்த அக்கா பூமாலையும் கூடவே விழுந்தாள். பூமாலைக்கு இடுப்பெலும்பு போனதோடு சரி.

பூமாலையின் புருஷன் செல்லமுத்து. மரவள்ளியும் சாமையும் போடுகிறவர். ஆடி பிறந்து வந்த முதல் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார். மனுவை நீட்டவில்லை.

"எங்கூருக்குப் பச்சை வச்ச அம்மா நீங்கதானா? உங்களப் பாத்துட்டுப் போவலாம்னு வந்தேன்" என்றார்.

மறுநாள் நானும் முதஸ்ஸிரும் மலையேறினோம். முதஸ்ஸிர் சங்கராபுரத்துக்காரன். இழைக்கு இழை ஒட்டுகிறவன். முடி போன்ற இரண்டு கண்ணாடிகளை நேருக்கு நேர் வைத்து உருக்கி ஒட்டும் வேலை அது. அவன் விரல்கள் அந்த வேலைக்கென்றே இருந்தன. வேங்கைப்பட்டு ஊராட்சி அலுவலகத்துச் சுவரில் அந்தப் பெட்டி தொங்கியது. அதிலிருந்து கேபிள் சுவருக்குள் போனது. முதஸ்ஸிர் பிடித்து இழுத்தான். மூன்றடி நீளத்துக்கு வந்து, வெட்டிய முனையோடு அவன் கையிலேயே நின்றது.

"அக்கா, அப்ப பதினாலரை கிலோமீட்டர் எங்க போச்சு?" என்றான்.

திரும்பும் வழியில், வண்டி மீட்டர்படி கரியாலூரிலிருந்து ஒன்பதாவது கிலோமீட்டரில், ஒரு வளைவில் நின்றோம். அதற்கு மேல் சாலையோரம் முழுக்கப் பாறை. அதில் ஐந்தடிக் குழி வெட்டுவது சுலபமில்லை என்று முதஸ்ஸிர் காட்டிக்கொண்டிருந்தான். அப்போதுதான் ஜீப் வந்தது.

கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் முதஸ்ஸிர் வண்டியிலிருந்து விழுந்ததாகவே சொன்னான். அப்சானாவுக்குப் பஸ் ஸ்டாண்டில் செல்போன் கடை. பகலவன் தினமும் அந்த வழியாகப் போகிறவன்.

"போலீஸுக்குப் போலாம்" என்றேன்.

"போலாம்க்கா. அவனுங்க வெள்ளிக்கெழம வரைக்கும் பேப்பர நவுத்திக்கினே இருப்பானுங்க. எனக்கு விரல் போச்சு, சரி. பச்சை போவணும். அத மொதல்ல சொல்லுங்க."

அப்சானா அவன் வாயில் கஞ்சியை ஊட்டிக்கொண்டே, "விரலு ஒடஞ்சும் வாய் கம்மியாவல பாருங்க" என்றாள். அவள் கண் வீங்கியிருந்தது.

அன்று மாலை அந்தக் கட்டிலில்தான் விடை கிடைத்தது. அதைக் கண்டுபிடித்தது முதஸ்ஸிர். கருவி தூரத்தைத்தான் சொல்லும், திசையைச் சொல்லாது. பதினான்கரை கிலோமீட்டர் கயிற்றை நீட்டிப் போட்டாலும் பதினான்கரை. ஒன்பது கிலோமீட்டர் நீட்டி, மிச்சத்தைச் சுருட்டி ஒரே குழியில் போட்டு மூடினாலும் பதினான்கரைதான். உள்ளே ஓடும் ஒளிக்கு வித்தியாசம் தெரியாது. பெட்டியைக் குழியருகிலேயே வைத்து ஒருமுறை விளக்கை எரியவைத்துப் படம் எடுத்து, இடம் என்ற கட்டத்தில் வேங்கைப்பட்டின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைக் கையால் அடித்து அனுப்பியிருக்கிறார்கள். அதையும் நான் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். வேங்கைப்பட்டில் வெட்டிய முனையை மட்டும் காட்டினால், பிறகு யாரோ வெட்டியது என்று எழுதிவிடுவார்கள்; சுருள் கிடக்கும் குழியைக் காட்ட வேண்டும்.

"குழி எங்கன்னும் தெரியும்" என்றான் முதஸ்ஸிர். "என்ன அடிச்ச எடத்துல மேட்டு மேல ஒரு சாமி இருந்திச்சி பாத்தீங்களா? மஞ்சத் துணி கட்டி, குங்குமம் பூசி. நாங்க கேபிள் ஒட்டப் போனப்ப அங்க சாமியே இல்லக்கா."

யாரும் தோண்டக் கூடாது என்று வைத்த சாமி. நல்ல யோசனை என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். காட்டோரத்தில் தோண்ட அனுமதி கிடைக்க மூன்று வாரம் ஆகும். அதில் சாமியும் இருந்தால் மூன்று வருடம்.

புதன்கிழமை பஸ்ஸில் வேங்கைப்பட்டுக்குப் போய்ச் செல்லமுத்துவிடம் சொன்னேன். அவர் சிரித்தார்.

"அது எங்க சாமி இல்லன்னு எங்களுக்குத் தெரியாதாம்மா? கீழ்நாட்டான் வச்ச கல்லு. ஆனா வச்சது வச்சதுதான், கைய வைக்க முடியாது. போறவன் வரவன் கும்பிட ஆரம்பிச்சிட்டான்."

"தோண்ட வேண்டாம்ணே. வேற வழி இருக்குதா?"

பூமாலை கதவோரம் கோலை ஊன்றி உட்கார்ந்திருந்தாள். அவள்தான் சொன்னாள். "அதுக்கு இன்னும் இரும்பு நடலயே."

இதைப் பகலவன் தெரிந்துகொள்ளாமல் போனதுதான் அவன் செய்த தவறு. அவன் சமவெளிக்காரன். அங்கே கல்லை நட்டுக் குங்குமம் வைத்தால் முடிந்தது. வேங்கைப்பட்டில் புதுச் சாமி எது வந்தாலும் முதல் ஆடி வெள்ளியில் அதன் எதிரில் இரும்பு நட்டாக வேண்டும். இடுப்பு உயரத் தண்டு, அடிமுனை கூர். முழங்கால் ஆழத்துக்குச் சம்மட்டியால் இறக்கி, அது நின்ற பிறகுதான் மேலே சூலத் தலையைப் பொருத்துவார்கள். இரும்பை மண் வாங்கிக்கொண்டால்தான் சாமி. அதற்குப் பிறகுதான் கிடா. இதற்கு யாரிடமும் அனுமதி கேட்பதில்லை.

எனக்கு வழி தெரிந்துவிட்டது. எப்படி என்று சொல்கிறேன். சுருட்டிப் போட்ட கேபிளில் கடைசியாகப் போட்ட சுற்று மேலே இருக்கும். அதாவது மேலே கிடப்பது இழையின் தூர முனை. மேலிருந்து ஓர் இரும்பு இறங்கினால் முதலில் பதினான்காவது கிலோமீட்டரை நசுக்கும். இன்னும் இறங்கினால் பன்னிரண்டை. அடியில் ஒன்பதரையை. நேராகப் புதைத்த கேபிளில் ஓர் இரும்பு ஓர் இடத்தைத்தான் தொட முடியும். ஒரே இரும்பு ஒரே இடத்தில் நின்றுகொண்டு ஐந்து கிலோமீட்டருக்குள் மூன்று இடத்தில் குத்தினால், கேபிள் அங்கே சுருண்டு கிடக்கிறது என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

ஏற்பாடு இதுதான். சங்கராபுரம் அலுவலக அலமாரியில் திரை கீறிய பழைய கருவி ஒன்று இருந்தது. அதைக் கரியாலூர் அறையில் இழையில் செருகிவிட்டு முதஸ்ஸிர் உட்கார்ந்திருப்பான். மூன்று நொடிக்கு ஒருமுறை அது கோட்டை நேரத்தோடு பதிந்துகொண்டே இருக்கும். நான் வளைவில் நின்று ஒவ்வோர் அடியையும் போனில் படம் எடுப்பேன். போனுக்குச் சிக்னல் இல்லாவிட்டாலும் தான் நிற்கும் இடம் தெரியும், ஏனென்றால் அதற்காக அது யாருக்கும் எதையும் அனுப்புவதில்லை, வானத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் சொல்வதைக் கேட்டுக்கொள்கிறது, அவ்வளவுதான். இடமும் நேரமும் படத்தில் ஏறிவிடும். அவன் நேரமும் என் நேரமும் பொருந்தினால் போதும். வெள்ளிக்கிழமை காலையில் கரியாலூரில் இரண்டு கடிகாரத்தையும் நொடி பிசகாமல் ஒன்றாக்கினோம். முதஸ்ஸிர் இடது கையால் பட்டனை அழுத்திப் பழகியிருந்தான்.

பதினொரு மணிக்கு வளைவில் முப்பது நாற்பது பேர் இருந்தார்கள். பறை முழங்கியது. கிடா ஒன்று சில்வர் ஓக் மரத்தில் கட்டியிருந்தது. பூமாலையை இரண்டு பேர் தூக்கி வந்து கல்லுக்கு எதிரில் உட்கார வைத்தார்கள். செல்லமுத்து துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு சம்மட்டியை எடுத்தார். தண்டை ஒருவர் பிடித்துக்கொண்டார்.

முதல் அடி பதினொன்று ஏழுக்கு. இரும்பு ஒரு சாண் இறங்கியது. மண் இளசாக இருந்தது, ஒரு வருடத்துக்குள் போட்ட மண். நாலைந்து அடிக்குப் பிறகு சத்தம் மாறியது. மண்ணில் இறங்கும் இரும்பு 'தொப்' என்று சொல்லும். இது ரப்பரை அடித்த மாதிரி திரும்பி எழுந்தது. செல்லமுத்து என்னைப் பார்த்தார். நான் படம் எடுத்தேன். ஓங்கி ஒரு அடி போட்டார். தண்டு நான்கு விரல் இறங்கியது. பதினொன்று ஒன்பது.

அப்போது ஜீப் வந்தது, பின்னால் இன்னொன்று. பத்துப் பேர் இருக்கும். பறைக்காரரைத்தான் முதலில் அடித்தார்கள், சத்தம் நிற்பதற்காக. பறை கிழிந்து உருண்டு சாலையில் போனது. கிரிக்கெட் மட்டையும் இரும்புக் குழாயும் வைத்திருந்தார்கள். தண்டைப் பிடித்திருந்தவரின் பல் உடைந்து வாயெல்லாம் ரத்தமாக உட்கார்ந்துவிட்டார். ஊர்க்காரர்கள் கல்லெடுத்தார்கள். ஒருவன் கிடாவின் கயிற்றை அறுக்க, அது கூட்டத்துக்குள் புகுந்து ஆட்களை இடறியது. என் காதுக்குப் பக்கத்தில் ஒரு மட்டை காற்றைக் கிழித்தது. நான் போனை மார்போடு பிடித்துக்கொண்டு மண்ணில் படுத்தேன்.

"மேடம், ஃபேன போட்டுக்கினு படுன்னு சொன்னனே" என்று பகலவனின் குரல் கேட்டது.

செல்லமுத்து நிறுத்தவில்லை. அவர் மறுபடி சம்மட்டியைத் தூக்கியபோது பின்னாலிருந்து ஒருவன் கொடுவாளை வீசினான். இடது தோளில் விழுந்தது. சதை வாய் போலத் திறந்தது. ஆனாலும் தூக்கிய சம்மட்டி தன் கனத்திலேயே இறங்கித் தண்டின் மேல் விழுந்தது. அதுதான் இரண்டாவது முறிவு என்று பிற்பாடு கருவி சொன்னது. பதினொன்று பத்து. அவர் அந்தச் சம்மட்டியின் மேலேயே விழுந்தார்.

வெட்டு விழுந்ததும் எல்லாரும் ஒரு கணம் நின்றுவிட்டார்கள். வெட்டியவனே பயந்துபோய்க் கொடுவாளைக் கீழே போட்டான். பூமாலை கோலை விட்டுவிட்டுக் கைகளால் தவழ்ந்து வந்தாள். தன் முந்தானையை உருண்டையாக்கிப் புருஷன் தோளில் அழுத்திக்கொண்டாள். அழவில்லை. என்னைப் பார்த்து, "எறங்கிடிச்சா?" என்று கேட்டாள்.

நான் தண்டைப் பார்த்தேன். முழங்கால் ஆழத்துக்கு இன்னும் அரைச் சாண் இறங்க வேண்டியிருந்தது. இரண்டு முறிவுகள் பதிந்திருக்கும். இரண்டு போதுமா? இரண்டு இடம் என்றால், ஒன்று கேபிள் அறுந்த இடம், மற்றது கருவியின் பிழை, பழைய கருவி என்று யாராவது எழுதிவிட முடியும். மூன்று வேண்டும். சுருளின் அடி வரை போக வேண்டும். ஒன்பதரைக்குப் பக்கத்தில் ஒரு முறிவு விழ வேண்டும். இதையெல்லாம் அந்த இடத்தில், அவ்வளவு ரத்தத்துக்கு நடுவில் நான் யோசித்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் யோசித்தேன்.

"இல்லக்கா" என்றேன்.

"அப்ப எறக்கு."

செல்லமுத்துவின் உடம்புக்கு அடியிலிருந்து சம்மட்டியை இழுத்தேன். கைப்பிடி வழுக்கியது. துப்பட்டாவில் துடைத்தேன். பகலவன் ஓடிவந்து தண்டுக்கு முன்னால் மண்டியிட்டான். இரண்டு கையையும் தண்டின் தலையில் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து மூடினான். அவனுக்கு வியர்த்து ஊற்றியது.

"அடிடி பாப்பம்" என்றான். "படிச்ச பொண்ணு நீ. அடி பாப்பம்."

சம்மட்டி எப்படி வேலை செய்கிறது என்று எனக்குத் தெரியும். தூக்குகிறவளின் பலம் அதைத் தூக்குவதோடு முடிந்துவிடுகிறது. இறங்கும்போது பூமிதான் இழுக்கிறது. தலை எவ்வளவு உயரத்திலிருந்து விழுகிறதோ அவ்வளவு வேகம். விழுகிற இடம் சிறியதாக இருந்தால் அவ்வளவு பலமும் அந்த இடத்துக்கே போகும். தண்டின் தலை ஒரு ரூபாய்க் காசு அகலம். அதன் மேல் இரண்டு கை. தெரியாமல் அடித்தேன் என்று நான் எங்கேயும் சொல்லவில்லை.

"கைய எடுங்க பகலவன்" என்றேன். மூன்று முறை சொன்னேன். மூன்று முறையும் அவன் சிரித்தான்.

அடித்தேன்.

தண்டு இறங்கியது. அவன் கை அதோடு இறங்கியது. அவன் போட்ட சத்தத்தில் மரத்திலிருந்த குரங்குகள் தாவி ஓடின. அவனுடைய ஆட்கள் அவனை இழுத்தார்கள், கை வர மறுத்தது, பிறகு வந்தது. நான் இன்னொரு முறை அடித்தேன். அப்போது தண்டின் மேல் கை எதுவும் இல்லை. இரும்பு முழங்கால் ஆழத்துக்கு நின்றது. போனை எடுத்துப் படம் பிடித்தேன். படத்தில் தண்டு முழுக்கச் சிவப்பாக இருந்தது. இடமும் நேரமும் தெளிவாக இருந்தன. பதினொன்று பதினான்கு.

பகலவனின் முதல் ஜீப் அவனை ஏற்றிக்கொண்டு கீழே போனது. இரண்டாவது ஜீப்பின் சாவியை ஊர்க்காரர்கள் பிடுங்கி, அதில் செல்லமுத்துவை ஏற்றினார்கள். பூமாலையின் கை அவர் தோளை விட்டு எடுபடவேயில்லை. நான் பின்னால் நின்றுகொண்டே போனேன். கரியாலூர் வரும் வரை அவருக்கு நினைவு இருந்தது.

"சாமி இரும்ப வாங்கிக்கிச்சாம்மா?" என்றார்.

"வாங்கிக்கிச்சுண்ணே."

"அப்ப கிடா பாக்கி."

கரியாலூரில் ஆம்புலன்ஸ் அவரை எடுத்துக்கொண்டது. நான் எங்கள் அறைக்கு ஓடினேன். முதஸ்ஸிர் கதவைத் திறந்தபடியே, "அக்கா, வந்திடிச்சிக்கா!" என்று கத்தினான். பிறகு என் துணியைப் பார்த்து வாயை மூடிக்கொண்டான்.

திரையில் மூன்றும் இருந்தன. பதினொன்று ஒன்பதுக்குக் கோடு பதிமூன்று புள்ளி ஒன்பதாவது கிலோமீட்டரில் அறுந்தது. பதினொன்று பத்துக்குப் பதினொன்று புள்ளி ஆறில். பதினொன்று பதினான்குக்கு ஒன்பது புள்ளி ஆறில். அதற்குப் பிறகு இருட்டு. ஐந்து நிமிடத்துக்குள், ஒரே இரும்பு. என் படங்களில் அந்த இரும்பு அசையாமல் ஒரே இடத்தில் நின்றது.

படிவத்தை நிரப்ப ஒரு மணி நேரம் ஆயிற்று. பச்சைப் புள்ளியை மறுபடி திறக்க வேண்டுமானால், முதலில் பச்சை வைத்தவரின் பெயரையும் அவர் செய்த தவறையும் எழுத வேண்டும். தவறுகளின் பட்டியல் ஒன்று கொடுத்திருந்தார்கள். 'இடத்துக்கு நேரில் செல்லாமை' என்பது அதில் நான்காவது. அதைத் தொட்டேன். என் பெயரை எழுதினேன். கோடுகளையும் படங்களையும் இணைத்து அனுப்பினேன். மாவட்டத்திலிருந்து இரண்டு முறை போன் வந்தது, தலைநகரத்திலிருந்து ஒரு முறை. அங்கிருந்து பேசியவர் மூன்று தூரத்தையும் என்னை இரண்டு தரம் சொல்ல வைத்தார். பிறகு, "சுருள்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். நான்கு மணி இருபத்திரண்டு நிமிடத்துக்கு வேங்கைப்பட்டு சிவப்பானது. ஐந்து மணிக்கு வரைபடம் நின்றது.

சிவப்பானால் கோபுரம் முளைத்துவிடாது. வரிசையில் இடம் கிடைக்கும், அவ்வளவுதான். குறைந்தது இரண்டு வருடம். அதுவரை பாறைதான் என்று ஆஸ்பத்திரியில் பூமாலையிடம் சொன்னபோது, "அறுவதுக்கு மேல ரேகை வைக்கிற மாதிரி பேட்டரி ஒண்ணு குடுக்கச் சொல்லு மொதல்ல" என்றாள். அதைத்தான் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன். வேலையிலிருந்து நிறுத்திவைத்திருக்கிறார்கள், அதனால் சாதாரண மனுவாகவே எழுதுகிறேன். பகலவன் மேல் வழக்கு இருக்கிறது. என் மேலும் இருக்கிறது. இரண்டும் ஒரே கோர்ட்டில் வரும்.

வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குப் பிறகு, நானே போலீஸுக்குப் போவதற்கு முன்னால், முதஸ்ஸிரும் நானும் அந்த அறையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தோம். அவன் பதிவுகளை இடது கையால் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ரெண்டாவதுக்கும் மூணாவதுக்கும் நடுவுல நாலு நிமிசம் கோடு அசையவே இல்லக்கா. அவ்ளோ நேரம் இன்னா பண்ணிக்கினு இருந்தீங்க?"

சொன்னேன். சம்மட்டியைத் துடைத்ததையும், பகலவன் கையை வைத்ததையும், மூன்று முறை எடுக்கச் சொன்னதையும்.

அவன் மாவுக்கட்டுப் போட்ட தன் கையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எத்தினி விரல்?" என்றான்.

நான் எண்ணவில்லை.